மாற்றிக் கட்டிய பழைய கார் இன்ஜின்: கிராங்க்கேஸ் காற்றோட்டமும் ஐட்லிங் தொல்லையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்ஷாஃப்ட் மாற்றி, பெரிய கார்புரேட்டர் வைத்து, ஹெடர் (தனித்தனிக் குழாய்களாக வரும் எக்ஸாஸ்ட்) மாட்டிய பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்கிற புகார்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஓடும்போது நன்றாக இழுக்கிறது, நிறுத்தினால் குலுங்குகிறது, சூடானதும் ஆஃப் ஆகிறது, டாப்பெட் கவரைச் சுற்றி ஆயில் கசிகிறது, உள்ளே உட்கார்ந்தால் ஆயில் வாடை அடிக்கிறது. ஐட்லிங்குக்குக் கார்புரேட்டரையும் கசிவுக்கு கேஸ்கெட்டையும் தனித்தனியாகத் துரத்துவார்கள். இரண்டையும் இணைக்கிற ஒரு விரல் தடிமன் ஹோஸை யாரும் பார்ப்பதில்லை. நானும் மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்தவன்தான், அந்தக் கதை கீழே வருகிறது.

கிராங்க்கேஸுக்குக் காற்றோட்டம் எதற்கு? இறுக்கி மூடி வைத்தால் என்ன ஆகும்?

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருந்தாலும் எரிகிற வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க்ஷாஃப்ட் சுழலும் அடிப்பகுதிக்குள், இறங்கத்தான் செய்யும். இதற்கு ப்ளோ-பை என்று பெயர். இதில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், புகைக்கரி இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் ஆவி இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, அது ஆவியாக சைலன்சர் வழியே போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதில் கீழே இறங்குகிற சிறு பங்கு வெளியேற வழி இல்லையென்றால் ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் வெண்ணெய் போல ஒட்டிக்கொண்டிருக்கும். குறைந்த தூரமே ஓடி இன்ஜின் முழுச் சூடு ஏறாத காரில் இது சீக்கிரம் வரும். அப்புறம் அமிலம் சேர்ந்து பேரிங்கைத் தின்னும், கசடு படிந்து ஆயில் வழிகள் அடைபடும்.

அழுத்தமும் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். பழைய இன்ஜின்களில் பின்பக்கம் இன்று நாம் பார்க்கிற லிப் சீல் இருக்காது, கயிறு சீல் இருக்கும், அல்லது சீலே இல்லாமல் கிராங்க்ஷாஃப்டில் வெட்டிய திருகு வரி மட்டும் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். பழைய மோரிஸ் மைனரில் இருந்த பிஎம்சி ஏ-சீரிஸ் இன்ஜின் இந்த வகைதான். அதில் கிராங்க்கேஸ் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் கிளட்ச் பக்கம் ஆயில் வழியும், மெக்கானிக் சீல் போய்விட்டது என்பார். அங்கே போவதற்கு சீலே இல்லை.

என் இன்ஜினில் பிசிவி வால்வே (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) கிடையாதே, கம்பெனி அப்படித்தானே கொடுத்தது?

1960க்கு முந்தைய பெரும்பாலான கார்களில் கிராங்க்கேஸிலிருந்து கீழே தொங்குகிற ஒரு குழாய்தான் இருந்தது, முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்த முனையில் இழுப்பு உண்டாக்கி ஆவியை வெளியே எடுக்கும், ஆயில் மூடியில் இருக்கும் கம்பிவலை வழியே புதுக்காற்று உள்ளே வரும். நெடுஞ்சாலையில் நல்ல வேலை செய்யும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் எதுவும் நடக்காது. கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து இன்ஜினின் வேக்குவத்தாலேயே ஆவியை இழுத்து மறுபடி எரிக்கிற பிசிவி முறை வந்தது, சில ஆண்டுகளில் மற்ற இடங்களுக்கும் பரவியது. அப்போதைய காரணம் காற்று மாசு. ஆனால் அதனால் இன்ஜின்களுக்குள் கசடு குறைந்தது பெரிய லாபம்.

குழாய் வைத்த இன்ஜினை மாற்றிக் கட்டுகிறீர்கள் என்றால் பிசிவிக்கு மாறுவது நல்லது என்பதே என் கருத்து. அசல் தோற்றம் முக்கியம் என்றால் குழாயைத் தோற்றத்துக்காக அப்படியே விட்டு உள்ளே அடைத்துவிடலாம்.

பிசிவி வால்வுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன ஊசி போன்ற பிளஞ்சர், இரண்டு பக்கமும் ஓட்டை. அவ்வளவுதான். ஆனால் இது வெறும் திறந்து மூடும் வால்வு என்று நினைத்தால் மீதி எதுவும் புரியாது. ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதியில்) வேக்குவம் அதிகம், அது பிளஞ்சரை ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்து வழியைக் குறுக்கிவிடும், அதனால் கொஞ்சம் காற்றே போகும். சீரான வேகத்தில் ஓடும்போது வேக்குவம் குறையும், பிளஞ்சர் பின்னால் வரும், வழி அகலமாகும். முழு த்ராட்டிலில் வழி முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் இழுக்க வேக்குவமே இருக்காது. அந்த நேரத்தில்தான் ப்ளோ-பை மிக அதிகம், மிச்சமான ஆவி வந்த வழியே, அதாவது புதுக்காற்று வருகிற ஹோஸ் வழியே திரும்பி ஏர் ஃபில்டருக்குப் போய்விடும். கம்பெனி அந்த ஹோஸை ஏர் ஃபில்டருக்குள் விட்டதற்குக் காரணம் இதுவே. கார்புரேட்டரில் பேக்ஃபயர் ஆனால் பிளஞ்சர் எதிர்ப்பக்கம் அடித்து மூடிக்கொள்ளும், தீ கிராங்க்கேஸுக்குள் போகாது. வால்வைத் தூக்கிவிட்டு வெறும் ஹோஸ் மாட்டியவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஐட்லிங்கில் அந்தக் குறுகிய வழியே போகிற காற்று கார்புரேட்டரின் கணக்கில் சேர்ந்தது. த்ராட்டில் பிளேட்டைத் தாண்டாமல் இன்ஜினுக்குள் போகிற காற்று அது. கம்பெனி ஐடில் ஜெட்டை முடிவு செய்யும்போது இந்தக் காற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்தது.

கேம் மாற்றிய பிறகு அதே வால்வு ஏன் ஒத்துவரவில்லை?

கடல் மட்டத்தில் நல்ல நிலையில் இருக்கிற சாதாரண இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வேக்குவம் காட்டும். 1000 அடி உயரத்துக்கு சுமார் ஒரு அங்குலம் குறையும். ஸ்போர்ட்ஸ் கேம் போட்டால் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் கூடுகிறது, குறைந்த வேகத்தில் எரிந்த வாயு இன்டேக்குக்குள் திரும்பி வருகிறது, வேக்குவம் 12, 10, சில நேரம் 8 வரை இறங்குகிறது. பழைய வால்வுக்கு இது தெரியாது. 10 அங்குலத்தைப் பார்த்ததும் கார் சீரான வேகத்தில் ஓடுவதாக எண்ணி வழியை அகலமாகத் திறந்துவிடும். ஐட்லிங்கிலேயே ஓடும்போது போகவேண்டிய காற்று உள்ளே போகும், கலவை லீன் ஆகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும்.

இன்னும் மோசமானது, கேம் இன்ஜினின் வேக்குவம் ஒரு இடத்தில் நிற்காது, முள் ஆடிக்கொண்டே இருக்கும். பிளஞ்சரும் கூடவே ஆடும். ஒரு நொடி லீன், மறு நொடி ரிச் (பெட்ரோல் அதிகம்), வேகம் ஏறும் இறங்கும். இதைக் கேட்டுவிட்டுப் பலரும் ‘கேம் சத்தம் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். கேமின் குலுங்கல் ஒரு தாளத்தில் இருக்கும். 700க்கும் 1100க்கும் நடுவே அலைவது கேம் இல்லை.

என் வி8 இன்ஜினில் கேம் மாற்றியபின் இதுதான் நடந்தது. பாகக் கடையில் ‘இதுக்கு இதுதான்’ என்று எடுத்துக் கொடுத்த வால்வு குரோமெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, அதனால் அது சரியான வால்வு என்றே நம்பினேன். இன்டேக் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றினேன், ஐட்லிங்குக்குச் சம்பந்தமே இல்லாத மெயின் ஜெட்டைக்கூட மாற்றினேன். கடைசியில் ஒரு நாள் வேறு எதற்கோ பிசிவி ஹோஸைக் குறட்டால் நெரித்தபோது இன்ஜின் அப்படியே அமைதியானது. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. வெளியில் ஒரே அளவில் இருக்கும் வால்வுகளுக்குள் ஸ்பிரிங்கும் ஓட்டையும் வேறு வேறு, குரோமெட்டில் உட்காருவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்படியானால் எந்த வால்வு போடுவது?

முதலில் வேக்குவம் கேஜை மாட்டி, சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 15க்கு மேல் நிலையாக நின்றால் உங்கள் இன்ஜின் கொள்ளளவுக்கான கம்பெனி வால்வே போதும். அதற்குக் கீழே என்றால் ஐட்லிங் அளவையும் ஓட்ட அளவையும் தனித்தனியாகத் திருகி வைக்கக்கூடிய வால்வுகள் கிடைக்கின்றன, விலை அதிகம்தான், ஆனால் இரண்டு கேஸ்கெட் செட்டும் பத்து வாரக்கடைசியும் வீணாவதைவிடக் குறைவு. வேக்குவம் 8க்கும் கீழே, முள்ளும் பயங்கரமாக ஆடுகிறது என்றால் ஸ்பிரிங் வால்வை மறந்துவிட்டு நிலையான சின்ன ஓட்டை ஒன்றும், பேக்ஃபயருக்கு ஒரு ஒருவழி வால்வும் வைத்துப் போகலாம். சின்ன ஓட்டையில் தொடங்கி, கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்துகொண்டே பெரிதாக்குங்கள். அளக்கும் முறை கீழே இருக்கிறது.

இதெல்லாம் வேண்டாம், பிசிவியை எடுத்துவிட்டு இரண்டு டாப்பெட் கவரிலும் பிரீதர் ஃபில்டர் மாட்டினால் போதாதா?

ரேஸில் மட்டும் ஓடி, ஒவ்வொரு நாளும் ஆயில் மாற்றுகிற காரில் போதும். ரோட்டில் ஓடும் காரில் போதாது. பிரீதர் அழுத்தத்தை மட்டும்தான் விடும், உள்ளே இருக்கிற ஈர ஆவியை இழுத்து எடுக்காது. ஆவி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், குளிர்ந்ததும் ஆயிலில் இறங்கும். டாப்பெட் கவர் மேலெல்லாம் ஆயில் படலம், வண்டிக்குள் வாடை, ஹெடர் மேல் சொட்டினால் புகை.

ஐட்லிங்கும் கெடும், எதிர்ப்பக்கமாக. பிசிவி வழியே வந்த காற்று நின்றுபோனதால் இன்ஜின் வேகம் இறங்கும், அதை ஏற்ற ஐடில் ஸ்க்ரூவைத் திருகி த்ராட்டில் பிளேட்டைக் கூடுதலாகத் திறப்பீர்கள், அதனால் என்ன வருகிறது என்பதை டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் கேள்வியில் பாருங்கள். இரண்டு பிரீதரோடு ஒரு பிசிவி வால்வும் வைத்திருப்பவர்கள் உண்டு, அது வேலை செய்யும், ஆனால் முழு த்ராட்டிலில் ஆவி வெளியே வருவதைத் தடுக்க முடியாது. ஒரு பக்கம் வால்வு, மறு பக்கத்திலிருந்து ஏர் ஃபில்டருக்குள் ஹோஸ், மற்ற எல்லாம் மூடியது: எனக்கு இதுதான் பிடித்த அமைப்பு.

மேனிஃபோல்டில் ஹோஸை எங்கே இணைப்பது?

எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில். கார்புரேட்டரின் அடிப்பகுதியில் இதற்கென்றே பெரிய துளை இருந்தால் அதுதான் நல்ல இடம். கைக்கு எட்டுகிறது என்று ஒரு சிலிண்டருக்குப் போகிற ரன்னரில் இணைத்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீனாக ஓடும், ஆயிலும் அதற்கே போகும், ஸ்பார்க் பிளக் எட்டில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பிரேக் பூஸ்டர் ஹோஸோடு டீ போட்டு இணைக்காதீர்கள், பூஸ்டருக்குள் ஆயில் ஆவி போனால் உள்ளே இருக்கும் ரப்பர் கெடும்.

இரட்டை வெபர் டிசிஓஇ கார்புரேட்டர் போன்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தொண்டை உள்ள அமைப்பில் பொதுவான இடமே இருக்காது. நாலு ரன்னரிலிருந்தும் சின்னச் சின்ன வழி எடுத்து ஒரு சிறிய பெட்டியில் சேர்த்து அங்கிருந்து வால்வுக்குப் போக வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் நல்ல கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) ஒன்று வைத்துவிட்டு ஆயிலை அடிக்கடி மாற்றுங்கள்.

எம்ஜிபி போன்ற எஸ்யு கார்புரேட்டர் வண்டியில் இதெல்லாம் எப்படி?

எம்ஜிபியில் 1960களின் நடுவில் மேனிஃபோல்ட் மேல் வட்டமான டயஃப்ரம் வால்வு இருந்தது. அதன் ரப்பர் கிழிந்தால் பெரிய ஏர் லீக், ஐட்லிங் ஏறிக்கொண்டு விசில் சத்தம் வரும். பிறகு அந்த வால்வை எடுத்துவிட்டு, ஹோஸை எஸ்யு கார்புரேட்டரின் உடம்பிலேயே, பிஸ்டனுக்கும் த்ராட்டில் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் அறைக்கு விட்டார்கள். அந்த அறையில் இழுப்பு எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் வால்வே தேவையில்லை. மிக அழகான தீர்வு இது, கேம் மாற்றினால்கூட அவ்வளவாகக் கெடாது.

ஆனால் இதில் புதுக்காற்று உள்ளே வரும் வழி வேண்டுமென்றே சின்னதாக வைக்கப்பட்டிருக்கும். பளபளக்கும் அலுமினிய டாப்பெட் கவர் வாங்கி, அதில் திறந்த பிரீதர் மூடி மாட்டுகிறவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை அழித்துவிடுகிறார்கள். காற்று தாராளமாக உள்ளே போய் அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போகிறது, கலவை லீன், ஐட்லிங் நிற்காது. கார்புரேட்டர் ஊசியை மாற்றுமுன் பழைய மூடியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வெபருக்கு மாறினால் அந்த அறையே இல்லாமல் போய்விடும், முன்பக்க பிரீதர் பெட்டியிலிருந்து வரும் ஹோஸுக்கு வேறு ஏற்பாடு செய்தே ஆகவேண்டும்.

கேட்ச் கேன் வைக்கலாமா?

வைக்கலாம். வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வைத்தால் அந்தக் கேன் காற்றுப் புகாமல் மூடியதாக இருக்க வேண்டும். மேலே குட்டி ஃபில்டர் வைத்த கேனை அங்கே வைத்தால் நீங்களே ஒரு ஏர் லீக் செய்து மாட்டியதாக அர்த்தம். உள்ளே தடுப்புத் தகடோ கம்பி நாரோ இல்லாத வெறும் டப்பா பெரிதாக எதையும் பிடிக்காது, ஆவி அடிபட்டுத் திரும்ப ஏதாவது ஒரு பரப்பு வேண்டும். குளிர் காலத்தில் கேனில் சேர்வதில் பாதி தண்ணீராக இருந்தால் பயப்பட வேண்டாம்.

பிசிவி ஆயிலை உறிஞ்சுகிறது, இன்டேக் முழுக்க ஆயில். என்ன செய்வது?

டாப்பெட் கவரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். வால்வு உட்காரும் துளைக்குக் கீழே தடுப்புத் தகடு இருக்கிறதா? கம்பெனி கவரில் இருக்கும், அலங்காரக் கவர்களில் பெரும்பாலும் இருக்காது. ராக்கர் ஆயிலை நேராக வால்வுக்குள் தெறிக்கிறது, வால்வு அதை நேராகக் குடிக்கிறது. தகரத்தில் ஒரு தகடு வெட்டி ரிவெட் செய்தால் பாதித் தொல்லை போய்விடும், ரிவெட் கழன்று உள்ளே விழாதபடி செய்யுங்கள். தகடு இருந்தும் குடிக்கிறது என்றால் ஆயில் அளவு கூடுதலா, வால்வின் ஓட்டம் பெரிதா, ப்ளோ-பையே அதிகமா என்று பாருங்கள். இன்டேக்கில் போகிற ஆயில் ஆவி பெட்ரோலின் ஆக்டேனைக் குறைக்கும், கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜினில் நாக்கிங் வர அதுவே போதும்.

எப்படிச் சோதிப்பது? கருவி எதுவும் இல்லை.

இன்ஜின் ஓடும்போது வால்வை குரோமெட்டிலிருந்து இழுத்து அதன் வாயை விரலால் மூடுங்கள். பலமான இழுப்பு தெரிய வேண்டும், வேகம் சற்று இறங்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வோ ஹோஸோ அடைத்திருக்கிறது. வேகம் ஒரேயடியாக மாறினால், அல்லது மூடியதும் ஐட்லிங் அழகாக நின்றால், ஓட்டம் அதிகம். கழற்றிக் குலுக்கினால் டக் டக் என்று சத்தம் வருவது நல்லதுதான், ஆனால் அது பிளஞ்சர் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை மட்டுமே சொல்லும், ஸ்பிரிங் உங்கள் இன்ஜினுக்கு ஏற்றதா என்று சொல்லாது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் எடுத்து, நடுப்பகுதியை யு வடிவத்தில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை வண்ணத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் மாட்டுங்கள். மறு முனை திறந்தே இருக்கட்டும். ஐட்லிங்கில் தண்ணீர் இன்ஜின் பக்கமாக ஒன்றிரண்டு அங்குலம் ஏறி நின்றால் கிராங்க்கேஸில் லேசான இழுப்பு இருக்கிறது, அருமை. எதிர்ப்பக்கம் தள்ளினால் அழுத்தம் சேர்கிறது. தண்ணீர் மொத்தமும் இன்ஜின் பக்கம் ஓடப் பார்த்தால் உடனே கழற்றுங்கள், புதுக்காற்று வழி அடைத்திருக்கிறது. ஒரு பாதரச அங்குலம் என்பது 13.6 அங்குலத் தண்ணீர், அதனால் வேக்குவம் கேஜில் தெரியாத சின்ன அழுத்தமும் இதில் நன்றாகத் தெரியும்.

எல்லாம் சரி, ஆனால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) திருகினால் எதுவுமே மாறவில்லை. ஏன்?

ஐட்லிங் புகார்களில் பாதி இங்கேதான் வந்து நிற்கிறது. ஹோலி போன்ற கார்புரேட்டரில் த்ராட்டில் பிளேட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு போன்ற துளை இருக்கும், அதுதான் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட். ஐட்லிங்கிலிருந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இடைவெளி விழாமல் பெட்ரோல் கொடுக்க வைத்தது அது. கார்புரேட்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பிளேட்டுக்குக் கீழே அந்தக் கோட்டில் சுமார் அரை மில்லிமீட்டர், ஒரு குட்டிச் சதுரம் போல, தெரிந்தால் போதும். வேக்குவம் குறைந்த கேம் இன்ஜினுக்கு ஐட்லிங்கில் காற்று அதிகம் வேண்டும், அதற்காக ஐடில் ஸ்க்ரூவை ஏற்ற ஏற்ற ஸ்லாட் முழுக்கத் திறந்துகொள்கிறது. பெட்ரோல் மிக்ஸ்சர் ஸ்க்ரூ வழியே வராமல் அந்த ஸ்லாட் வழியே கொட்டுகிறது. ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் இன்ஜின் ஓடும், பிளக் கறுக்கும், கண் எரியும், மிதித்தால் தடுமாறும்.

தீர்வு, பிளேட்டைத் திறக்காமல் வேறு வழியில் காற்று கொடுப்பது. பிளேட்டில் சின்ன ஓட்டை போடுவார்கள், நாலு தொண்டைக் கார்புரேட்டரில் பின் பிளேட்டுகளைச் சற்றே திறந்து வைப்பார்கள். ஆனால் அப்படி ஒரு வழி இன்ஜினில் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் பிசிவி. அளவாகச் சரிசெய்த பிசிவி ஓட்டம் ஐட்லிங்குக்கு வேண்டிய காற்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும், பிளேட் மூடிக்கொள்ளும், ஸ்லாட் மறையும், மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு உயிர் வரும். பிளேட்டில் டிரில்லை வைக்குமுன் இதைச் செய்து பாருங்கள், உலோகத்தில் போட்ட ஓட்டையைத் திரும்ப எடுக்க முடியாது.

இக்னிஷன் டைமிங்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. எரிந்த வாயு கலந்த கலவை மெதுவாக எரியும், அதனால் பெரிய கேம் ஐட்லிங்கில் கூடுதல் அட்வான்ஸ் கேட்கும், அதாவது ஸ்பார்க் இன்னும் முன்கூட்டியே வர வேண்டும். கம்பெனி 6, 8 டிகிரி சொன்ன இடத்தில் 14, 16, சில நேரம் 18 கூட ஒத்துக்கொள்ளும். கொடுத்ததும் வேக்குவம் ஏறும், அதே வேகத்துக்கு த்ராட்டிலைக் குறைக்கலாம். ஆனால் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பிவிட்டு மட்டும் விடக்கூடாது, மொத்த அட்வான்ஸும் கூடவே ஏறிவிடும். பழைய அமெரிக்க சிறிய வி8 இன்ஜின்களுக்கு மொத்தம் 34 முதல் 36 டிகிரி வழக்கம், அதைத் தாண்டாதபடி உள்ளே இருக்கும் மெக்கானிகல் அட்வான்ஸைக் குறைக்க வேண்டும்.

வேக்குவம் அட்வான்ஸை (வேக்குவத்தால் டைமிங்கை முன்னே இழுக்கும், டிஸ்டிரிபியூட்டரில் உள்ள டப்பா) மேனிஃபோல்டில் இணைத்திருந்தால் அந்த டப்பா முழுக்க இழுபட எவ்வளவு வேக்குவம் வேண்டும் என்று பாருங்கள். உங்கள் ஐட்லிங் அளவைவிடக் குறைந்தது 2 அங்குலம் கீழே முழுக்க இழுபட வேண்டும். 12ல் இழுபடும் டப்பாவை 10 அங்குல இன்ஜினில் மாட்டினால் டைமிங்கே ஆடும், பார்ப்பதற்கு பிசிவி ஆடுவது போலவே இருக்கும். ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஹோலியில் பவர் வால்வு என்கிறார்களே?

அது வேறு கணக்கு. வேக்குவம் குறையும்போது கூடுதல் பெட்ரோல் திறந்துவிடும் வால்வு, மேலே எண் குத்தியிருக்கும், 65 என்றால் 6.5 அங்குலத்தில் திறக்கும். ஐட்லிங் வேக்குவத்தில் ஏறக்குறைய பாதி அளவில் திறப்பதாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வைத்துவிட்டேன், இனி கவலை இல்லைதானே?

குறையும், போகாது. காற்றின் நிறையை அளக்கும் சென்சார் உள்ள அமைப்பில் கிராங்க்கேஸுக்குப் போகிற புதுக்காற்றும் அந்தச் சென்சாரைத் தாண்டிய பிறகே எடுக்கப்பட வேண்டும். டாப்பெட் கவரில் திறந்த பிரீதர் இருந்தால் அளக்காத காற்று உள்ளே போகும், ஐட்லிங் அலையும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் அமைப்பு இதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் ஆடுகிற வேக்குவத்தை அது ஆடுகிற எண்ணாகவே படிக்கும். கம்ப்யூட்டர் ஒரு பக்கம் திருத்த, பிளஞ்சர் மறுபக்கம் ஆட, இரண்டும் துரத்திக்கொண்டே இருக்கும். டியூனிங் தொடங்குமுன்பே பிசிவியை முடிவுசெய்து விடுங்கள், பிறகு மாற்றினால் ஐட்லிங் பகுதியை மறுபடி டியூன் செய்ய வேண்டிவரும்.

டர்போ வைத்திருந்தால் பூஸ்ட் வரும்போது மேனிஃபோல்டிலிருந்து கிராங்க்கேஸுக்குக் காற்று போகாமல் நல்ல ஒருவழி வால்வு கட்டாயம். சாதாரண பிசிவி வால்வை நம்ப வேண்டாம், கொஞ்சம் கசியும்.

புதிதாகக் கட்டிய இன்ஜின், ஆனாலும் பிரீதரில் புகை வருகிறது.

ரிங் உட்காரும் வரை ப்ளோ-பை கூடுதலாகவே இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் முடிவுக்கு வராதீர்கள். அதன் பிறகும் குறையவில்லை என்றால் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்து, ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் காற்று கீழே பாய்ந்தால் எந்த வால்வும் அதைச் சரிசெய்யாது, பிரித்துத்தான் ஆகவேண்டும்.

எந்த ஹோஸ் வாங்குவது?

பெட்ரோலும் ஆயிலும் தாங்குகிற, வேக்குவத்தில் சப்பையாகாத ஹோஸ். ரேடியேட்டர் வகை ஹீட்டர் ஹோஸை வெட்டி மாட்டினால் ஆயில் ஆவியில் உள்ளே ஊறி மெத்தென்று ஆகி, சூட்டில் வளைவில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்தபின் பார்த்தால் நன்றாகவே இருக்கும். காலையில் சரியாக நிற்கிற ஐட்லிங் மதியம் கெடுகிறது என்றால் இன்ஜின் சூடாக இருக்கும்போதே அந்த ஹோஸின் வளைவை விரலால் அழுத்திப் பாருங்கள்.

இறுதியில் எத்தனை ஆர்பிஎம்மில் நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கலாம்?

கம்பெனி சொன்ன 600, 650ஐ மறந்துவிடுங்கள். மிதமான கேம் 800ல் நிற்கும், கொஞ்சம் பெரியது 900 முதல் 1000 வரை கேட்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் கியரில் போட்டு பிரேக் பிடித்த நிலையில் அளந்து வையுங்கள், நியூட்ரலில் வைத்த அளவு கியர் விழுந்ததும் இறங்கி இன்ஜினை நிறுத்திவிடும். 1000க்கு மேல் வைத்தால்தான் நிற்கிறது என்றால் இன்னும் ஏதோ ஒரு காற்று கணக்கில் வரவில்லை, பிசிவி ஹோஸை நெரிப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.